நாய் நோட்டு

எனக்கு வயது முப்பத்தொன்று. போன வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றேன்.

சிரிக்க வேண்டாம். எங்கள் தொழிலில் வயதை வேறு மாதிரித்தான் எண்ணுவார்கள். பெண்கள் குழுவுக்குக் கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றின் ராசிபுரம் கிளையில் நான் ஃபீல்டு ஸ்டாஃப். அங்கே ஆறு மாதம் தாண்டியவர் சீனியர். ஒரு வருடம் தாண்டியவரிடம் எல்லாரும் யோசனை கேட்பார்கள். நான் ஒன்பது வருடம் இருந்தேன். போன வருடம் சேர்ந்த ஒருவன் என்னிடம் நிஜமாகவே கேட்டான்: "ஏனுங்கக்கா, நீங்க சேர்றப்போ இந்த பில்டிங் இருந்துதுங்களா?"

இதை எழுதச் சொன்னது பவித்ரா. என் ரூட்டை, அதாவது நான் தவணை வசூலிக்கச் சுற்றும் ஊர்களை, வாங்கிக்கொண்ட பெண். ரிலீவ் ஆவதற்குப் பத்து நாள் முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் வேலையை விட்டுப் போகிறவர் புதிதாக வருகிறவரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற வேண்டியதில்லை, எல்லா விவரமும் செயலியில் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று. பவித்ரா படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "நல்லதுதானுங்களே அக்கா? பெட்ரோல் மிச்சம். நீங்க ஏன் மொறைக்கறீங்க?"

ஏன் முறைத்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

எடப்பாடியில் பிறந்து, திருச்செங்கோட்டில் பி.காம். முடித்து, சேலத்தில் ஏழு நாள் பயிற்சி எடுத்து, ஏழு நாளும் வைத்த ஏழு தேர்விலும் முதலில் வந்தேன். பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. எட்டாம் நாள் காலையில் ராசிபுரம் கிளைக்குப் போனேன். மேலாளர் மைதிலி மேடம். மேடம் என்றால் வயதான அம்மா என்று நினைத்துவிட வேண்டாம், இருபத்தெட்டு வயது. ஆத்தூர்க்காரி. பேச்சில் 'ங்க' வராது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அவர் குட்மார்னிங் சொன்னாலே திட்டுகிற மாதிரி இருக்கும். காதில் பென்சில் செருகியிருந்தது. என் ஃபைலைத் திறக்கவே இல்லை.

"எப்போ போவ?" என்றார்.

"எங்கீங்க மேடம்?"

"வேலைய விட்டு. கல்யாணமா, கவர்மென்ட் எக்ஸாமா, எதிர் கம்பெனியா, வெயிலா? இந்த நாலுல ஒண்ணுதான்."

"நான் போறதுக்கு வரலீங்க மேடம்."

"எல்லாரும் போறதுக்குத்தான் வராங்க. நான் வந்து அஞ்சு மாசம். ஒன்பது பேருக்கு கேக் வெட்டிட்டேன். போறது ஒண்ணும் குத்தம் இல்ல. தேதி தெரிஞ்சா எனக்கு வசதி, அவ்ளோதான்."

விளையாட்டு போல "ஆறு மாசம் வெச்சுக்குங்க மேடம்" என்றேன். விளையாட்டு என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மேஜை நாட்காட்டியை ஆறு மாதம் தள்ளி ஒரு கட்டத்தில் 'சுகன்யா' என்று பென்சிலால் எழுதினார். சேர்ந்த அன்றைக்கே என் விடைபெறும் நாளைக் குறித்துவிட்ட அலுவலகத்தில்தான் நான் ஒன்பது வருடம் இருந்திருக்கிறேன்.

கேக் விஷயம் நிஜம். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பேக்கரிக்காரர் எங்கள் கிளைக்கென்று ஒரு கேக்கை 'போய் வாருங்கள்' என்று எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டுத் தயாராக வைத்திருப்பார். போன் போட்டால் "இந்த வாட்டி பேரு என்னங்க?" என்பார், வேறு எதுவும் கேட்கமாட்டார். போகிறவர்கள் ஒப்படைத்த அடையாள அட்டைகளை மைதிலி மேடம் ஒரு ரஸ்க் டின்னில் போட்டு வைத்திருந்தார். மாதக் கடைசியில் டார்கெட் எட்டாத நாட்களில் அந்த டின்னை எடுத்து, அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இதுல நாலு பேர் இருந்திருந்தா போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

அந்த மேஜையில் இன்னொன்றும் இருந்தது. நீளமான கோடு போட்ட நோட்டு. அட்டையில் யாரோ ஒரு நாய்ப் படம் வரைந்திருந்தார்கள். அதுதான் நாய் நோட்டு. ஒவ்வொரு ரூட்டுக்கும் சில பக்கங்கள். கம்பெனி கேட்காத விவரங்களெல்லாம் அதில் இருக்கும். நாயில் ஆரம்பித்ததால் அந்தப் பெயர். "மூணாவது ஊடு: வெள்ளை குரைக்கும், கடிக்காது. கருப்பு குரைக்காது." "பாக்கியம் அக்காவுக்கு எடது காது கேக்காது. வலது பக்கம் உக்காரவும்." "லீடர் அக்கா மோர் குடுத்தா குடிச்சிரவும். வேண்டாம்னு சொன்னா ஒரு மாசத்துக்குப் பேச்சு இல்லை." "இந்த வளவுல பஞ்சாயத்து எலெக்சன் பத்திப் பேசாதே."

ஒருமுறை ஆடிட் வந்த அதிகாரி அதைக் கையில் எடுத்து, "இது என்ன ரெஜிஸ்டர்? அனுமதி இல்லாத பதிவேடு மாதிரி தெரியுதே?" என்றார்.

"நாய் ரெஜிஸ்டர் சார்" என்றார் மைதிலி மேடம்.

அதிகாரி நாலைந்து பக்கம் புரட்டினார். கடுகடுவென்று இருந்த முகம் மெல்ல மாறியது. மூடி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு நான் போற சென்டர்ல நாய் எப்படி?" என்று கேட்டார்.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

எங்கள் தொழிலில் ஒப்படைப்பு என்று ஒரு வழக்கம் இருந்தது. போகிறவர் வருகிறவரை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மூன்று நாள் ரூட் முழுக்கச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சென்டரிலும், அதாவது பெண்கள் கூடுகிற இடத்தில், எழுந்து நின்று "இனிமே இவங்கதான் வருவாங்க" என்று சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் அந்த ரூட்டைப் பார்த்தவர் தினேஷ். அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. கம்பெனி கொடுத்த டேப்லெட்டையும் அடையாள அட்டையையும் டீக்கடையில் கொடுத்து, "மேடத்துகிட்ட குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கம்பெனியில் அன்றைக்கே சேர்ந்துவிட்டார். எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் தலை தெரியும்.

"அப்போ நாய் நோட்டப் படிச்சிட்டுப் போ" என்றார் மைதிலி மேடம்.

"படிக்கறனுங்க மேடம்" என்றேன். படிக்கவில்லை. கையில் டேப் இருக்கிறது. உறுப்பினர் பெயர், படம், வீடு எங்கே என்கிற வரைபடம் எல்லாம் அதில் இருக்கிறது. ஏழு தேர்விலும் முதல் மார்க் வாங்கினவள் நாயின் நிறத்தைப் படிக்க வேண்டுமா?

வெண்ணந்தூர் போகிற ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு வளவு, முப்பது நாற்பது வீடு இருக்கும். காலை ஏழரை மணி. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் பாய் விரித்திருந்தார்கள். பத்தொன்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தள்ளி ஒரு புங்கமரத்தடியில் ஓர் ஆள், துணிக்கடைப் பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். யார் வீட்டுக்காரரோ, கூட்டிக்கொண்டு போக வந்திருப்பார் என்று நினைத்தேன். தவணையை ஒழுங்காகக் கட்டுவோம் என்று உறுதிமொழி சொன்னார்கள். நான் நிமிர்ந்து நின்று, கணீரென்று பெயர் படித்தேன். ஆறாவது பெயர் ஜெயமணி.



"ஜெயமணி அக்கா வரலீங்களா?"

முன் வரிசை தரையைப் பார்த்தது. சென்டர் லீடர் ராசாத்தி அக்கா மட்டும், "அது வந்துங்க மேடம்..." என்று இழுத்தார். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது: சாக்குச் சொல்ல நேரம் கொடுக்காதே, உறுப்பினரை நேரடியாகக் கூப்பிடு. டேப்பில் இருந்த எண்ணை அங்கேயே போட்டேன். ஸ்பீக்கரில் வேறு போட்டேன்.

புங்கமரத்தடியில் போன் அடித்தது.

அந்த ஆள் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார். பச்சைப் பொத்தான் எது என்று பார்த்து அழுத்தி, காதில் வைத்தார். பதினைந்து அடி தூரத்தில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்தபடியே, போனுக்குள் பேசினார்.

"அவ இல்லீங்க புது மேடம். செத்துப் போயி எட்டு மாசம் ஆச்சுங்க."

அந்தக் குரல் மரத்தடியிலிருந்தும் என் கையிலிருந்த போனிலிருந்தும் சேர்ந்து வந்தது. எந்தப் பக்கம் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை பெண்களில் ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மீட்டிங் முடிந்ததும் அவரே பக்கத்தில் வந்தார். பெயர் பெரியண்ணன். விசைத்தறி ஓட்டுகிறவர். "சொல்லீறட்டுங்களா புது மேடம்?" என்றார். நான் டேப்பைப் பைக்குள் வைத்தேன். அவரே ஆரம்பித்தார்.

"அன்னைக்குச் செவ்வாக்கெழமைங்க. காத்தால பாலக் கறந்து சொசைட்டிக்கு ஊத்தீட்டு வந்தா. தல வலிக்குதுன்னா. டீ வெச்சுக் குடிச்சா. நான் தறிக்குப் போயிட்டனுங்க. பத்தரை இருக்கும், பக்கத்தூட்டுப் புள்ள ஓடியாந்துச்சு. ஆட்டோ வெச்சு ராசிபுரத்துக்குக் கொண்டுபோனம். டாக்டரு கண்ணத் தொறந்து பார்த்துட்டு, எத்தன மணிக்குப் பொறப்பட்டீங்கன்னு கேட்டாரு. ஊட்டுக்கு வந்தா டீ குடிச்ச டம்ளரு கழுவாம இருந்துச்சுங்க."

ஒரே வேகம். ஒரே குரல். எந்த இடத்திலும் தடுமாறவில்லை. சற்று முன் பெண்கள் உறுதிமொழியை எப்படிச் சொன்னார்களோ, அப்படித்தான் இருந்தது. சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆகிவிட்டது என்று எனக்குப் புரிய அன்று சாயங்காலம் வரை ஆனது.

கிளைக்குத் திரும்பி நாய் நோட்டைத் திறந்தேன். இருந்தது. தினேஷின் சாய்ந்த எழுத்தில்: "ஜெயமணி இறந்துட்டாங்க. பேர் படிக்க வேண்டாம். வீட்டுக்காரர் புங்கமரத்தடியில் நிப்பார். பேப்பர் வாங்கியாச்சு." அதற்கு மேல் வேறொரு கையெழுத்தில்: "ஜெயமணி இறப்பு. பேப்பர் வாங்கியாச்சு." அதற்கும் மேல் முதல் கையெழுத்து: "ஜெயமணி அக்கா தவறிட்டாங்க. பாவம். பேப்பர் வாங்கியாச்சு."

எட்டு மாதம், மூன்று பேர். மூன்று பேரும் வாங்கியிருக்கிறார்கள். பெயர் பட்டியலில் அப்படியே இருக்கிறது.

"உக்காரு" என்றார் மைதிலி மேடம். அலமாரியைத் திறந்து மூன்று கவர்களை எடுத்துப் போட்டார். மூன்றும் சென்னைக்குப் போய்த் திரும்பி வந்தவை.

உறுப்பினர் இறந்துபோனால் காப்பீட்டில் கடன் தள்ளுபடி ஆகும், மிச்சம் குடும்பத்துக்கு வரும். அதற்கு அந்த சென்டரின் ஸ்டாஃப் வீட்டுக்குப் போய் விசாரித்து அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். மேலாளர் போட்டால் செல்லாது. ஒன்றரை, இரண்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து அந்த ஸ்டாஃபுக்குப் போன் வரும். முதலில் ஊழியர் எண்ணைக் கேட்பார்கள். அந்த எண் நடப்பில் இருந்தால்தான் அடுத்த கேள்வி. வேலையை விட்டவரின் எண் அன்றைக்கே முடக்கப்படும். அத்தோடு பேச்சு நின்றுவிடும், கவர் திரும்பி வரும், மேலே "மறு விசாரணை" என்று முத்திரை. அதற்குள் புது ஸ்டாஃப் வந்திருப்பார். அவர் போய்ப் பெரியண்ணனிடம் மறுபடி கேட்பார்.

"யாரும் ஏமாத்தல" என்றார் மேடம். "மூணு பேரும் ஒழுங்காத்தான் அனுப்பியிருக்காங்க. ஒருத்தனும் அந்த போன் வர்ற வரைக்கும் வேலையில இல்ல."

மூன்று அறிக்கைகளையும் படித்தேன். வேறு வேறு கையெழுத்து, ஒரே வாக்கியங்கள். செவ்வாய்க்கிழமை, பால், தலைவலி, பத்தரை மணி. டம்ளர் மட்டும் எதிலும் இல்லை. அதற்குக் கட்டம் இல்லை.

அடுத்த நாள் நாலாவது அறிக்கையை நான் எழுதினேன். அவரிடம் மறுபடி கேட்கவில்லை. மூன்று அறிக்கையையும் பார்த்து எழுதி, படித்துக் காட்டினேன். "செரிங்க" என்றார். கையெழுத்துப் போட்டார். பிளாஸ்டிக் கவரிலிருந்து இறப்புச் சான்றிதழ் நகலை எடுத்துக் கொடுத்தார். நிறைய நகல் வைத்திருந்தார். "எதுக்கும் பத்து எடுத்து வெச்சுட்டனுங்க. இன்னும் எத்தன பேரு வருவீங்களோன்னு." அதில் குத்தல் இல்லை. மாட்டுக்குத் தீவனம் எடுத்து வைக்கிற மாதிரி சொன்னார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், நர்ஸிங் சேர்க்க வேண்டும், அதற்குள் இது முடிந்தால் நல்லது என்பதையும் அப்படியே சொன்னார்.

"இத எழுதி அனுப்பீட்டா பட்டியல்ல உங்க பேரு எடுத்தறலாமுங்களா?" என்று கேட்டேன். கேட்டபின்தான் உறைத்தது. "அக்கா பேருங்க" என்று திருத்தினேன்.

"எடுக்கோணுமுங்க" என்றார். "புதுசா வர்றவங்க ஒவ்வொருத்தரும் அவளக் கூப்பிடறாங்க. எனக்கு ஒரு நிமிசம் அவ வந்து நிக்கற மாதரயே இருக்குது."

ஐந்து வாரம் ஆனது. ஒரு மத்தியானம் தினேஷ் டீக்கடையில் பிடித்துக்கொண்டார். "சுகன்யா, எங்க கம்பெனியில திருச்செங்கோட்டுக்கு ஆள் எடுக்கறாங்க. சம்பளம் நல்லாருக்கும். உங்க காலேஜ் ஊரு வேற. திங்கக்கெழம சேரணும்." அன்று சாயங்காலமே நேர்காணல், ராத்திரிக்குள் போனில் ஆர்டர் வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்திரண்டு வயது, இரண்டாவது மாதத்திலேயே இரண்டாவது வேலை. என் வகுப்பில் யாருக்கும் கிடைத்ததில்லை.

மைதிலி மேடத்திடம் சொன்னேன். நாட்காட்டியைப் புரட்டி, என் பெயரைக் கண்டுபிடித்து, "ஆறு மாசம்னு சொன்ன, ரெண்டுல போற. பரவால்ல" என்று ரப்பரால் அழிக்கப் போனார். கையை நிறுத்தினார். "அந்த போன் வந்துச்சா?"

"இல்லீங்க மேடம்."

"ம். போறதுன்னா போ. ஆனா பெரியண்ணன்கிட்ட நீயே போய்ச் சொல்லிட்டுப் போ. போன மூணு பேரும் சொல்லல."

சொல்லத்தான் போனேன். தறிச் சத்தத்தில் அவருக்கு முதலில் கேட்கவில்லை. வெளியே வந்தார். காதைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். நான் சொன்னதைக் கேட்டு அவர் கோபித்துக்கொள்ளவில்லை, வருத்தப்படவும் இல்லை. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார்.

"அப்ப அடுத்து வர்ற புது மேடத்துக்கு நான் மொதல்ல இருந்து சொல்லோணுமுங்களா?"

ஸ்கூட்டியைத் திருப்பி வெண்ணந்தூர் ரோட்டுக்கு வருவதற்குள் தினேஷுக்குப் போன் செய்தேன். மூன்று வாரம் தள்ளிச் சேரலாமா என்று கேட்டேன். "தள்ளிச் சேர்றதா? திங்கக்கெழம நீங்க வரலீனா செவ்வாக்கெழம வேற ஆளுங்க. நம்ம லைன் தெரியாதா?" என்றார். தெரியும். அதனால்தான் கேட்டேன்.

எங்கள் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மைதிலி மேடம் பாராட்டவும் இல்லை. "எதிர் கம்பெனி எப்பவும் எதுத்தாப்புலயேதான் இருக்கும், எங்க ஓடிப் போகுது" என்றார். அவ்வளவுதான்.

அதன்பிறகு அந்தப் போனுக்காகக் காத்திருந்த நாட்களை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. குளிக்கும்போதுகூட போனைச் சோப்பு டப்பா பக்கத்தில் வைத்துக்கொள்வேன். சார்ஜ் இருபதுக்குக் கீழே இறங்கினால் எந்த வளவில் இருந்தாலும் முதல் வேலை யார் வீட்டிலாவது செருகுவதுதான். எந்த வீட்டில் பிளக் வேலை செய்யும் என்பதையும் நாய் நோட்டில் எழுதினேன். தெரியாத எண் எது வந்தாலும் "சொல்லுங்க, ஊழியர் எண் சொல்லட்டுங்களா?" என்று ஆரம்பித்துவிடுவேன். பாத்திரக் கடை விளம்பரக்காரர் ஒருவருக்கு என் ஊழியர் எண் முழுவதும் தெரியும்.

வந்தது. ஒன்பதாவது வாரம், புதன்கிழமை, பதினொரு மணி. மரவள்ளிக் காட்டு ஓரம் வண்டியை நிறுத்தினேன். மறுமுனையில் ஒரு பெண் குரல், எழுதி வைத்ததைப் படிக்கிற மாதிரி.

"ஊழியர் எண் சொல்லுங்க மேடம்." சொன்னேன். விசைகள் தட்டுகிற சத்தம். "நடப்பில் இருக்கு." வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். "இறப்பு எப்படி நடந்ததுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க. கொஞ்சம் மெதுவா மேடம். நான் புதுசு. இது ரெண்டாவது வாரம்."

என் வார்த்தை எதுவும் வரவில்லை. "அன்னைக்குச் செவ்வாக்கெழமைங்க" என்று ஆரம்பித்தேன். பெரியண்ணன் மூச்சு விடுகிற இடத்தில்தான் எனக்கும் மூச்சு வந்தது. பால், சொசைட்டி, டீ, தறி, பக்கத்தூட்டுப் புள்ள, டாக்டர் கேட்ட கேள்வி. கடைசியில் டம்ளரும் வந்துவிட்டது. தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

மறுமுனையில் விசைச் சத்தம் நின்றது. பிறகு அந்தப் பெண், படிக்கிற குரலில் இல்லாமல், "மேடம், அந்த டம்ளர்... அத நான் எந்தக் கட்டத்துல போடறது?" என்று கேட்டாள்.

"எதுலயும் வேண்டாங்க. சும்மா கேட்டுக்குங்க" என்றேன்.

அடுத்த வாரமே ஒப்புதல் வந்தது. மீட்டிங்கில் டேப்பைத் திறந்தேன். பத்தொன்பது பெயர்தான் இருந்தது. ஐந்துக்கு அப்புறம் ஏழாவதாக இருந்த பெயர் ஆறாவதாக ஏறியிருந்தது. படித்தேன். எல்லாரும் "வந்திருக்கறேன்" என்றார்கள். ராசாத்தி அக்கா மட்டும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

புங்கமரத்தடிக்குப் போய்ப் பெரியண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். சென்னையிலிருந்து போன் வந்ததையும் சொன்னேன்.

"எல்லாத்தயும் சொன்னீங்களா புது மேடம்?"

"எல்லாந்தானுங்க."

"டம்ளரு?"

"அதயுந்தானுங்க."

பிளாஸ்டிக் கவரை இரண்டாக மடித்தார். நாலாக மடித்தார். அதற்குமேல் மடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, இரண்டரை மாதமாக வாராவாரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், அன்றைக்குத்தான் கேட்டார்:

"அம்மிணி, உங்க பேரென்னங்க?"

மிச்ச வருடங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மைதிலி மேடம் சென்னைக்கு எழுதி எழுதி, அந்த அறிக்கையில் இரண்டாவதாக ஓர் ஊழியரும் கையெழுத்துப் போடலாம் என்று மாற்ற வைத்தார். முதல் ஆள் போய்விட்டாலும் இரண்டாவது ஆள் பேசலாம். அது முடிந்து ஆறு மாதத்தில் மேடமும் போனார். கேக் வெட்டிய பிறகு நாட்காட்டியைப் பார்த்தோம். அந்தத் தேதியில் 'மைதிலி' என்று பென்சிலால் எழுதியிருந்தது. எப்போது எழுதினாரோ. தன் அட்டையைத் தானே ரஸ்க் டின்னில் போட்டு மூடிவிட்டுப் போனார். எனக்கு இரண்டு முறை ரூட் மாற்றினார்கள். வந்த ஆள் நிற்காமல் இரண்டு முறையும் அது என்னிடமே திரும்பியது. உதவி மேலாளர் ஆக்கினார்கள், அப்போதும் அந்த ரூட் என்னோடேயே இருந்தது, கொடுக்க ஆள் இல்லை. மூன்று ஸ்கூட்டி தேய்த்தேன். வழியில் நின்று நின்று கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டவும், பிரேக் வயர் மாற்றவும் கற்றுக்கொண்டேன். அந்தத் தைரியத்தில்தான் இப்போது மேட்டூரில் தோழி ஒருத்தியோடு சேர்ந்து டூவீலர் ஒர்க்‌ஷாப் திறக்கிறேன். ஆறு மாதத்தில் ஓடிவிடுவேன் என்று சொன்னவள், போகும்போது மட்டும் ஏன் இப்படித் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன் என்று தெரியவில்லை.

சுற்றறிக்கைப்படி நான் பவித்ராவைக் கூட்டிக்கொண்டு சுற்றக் கூடாது. வெள்ளிக்கிழமை ரிலீவ் ஆனேன். என் அட்டை ரஸ்க் டின்னுக்குள் போய்விட்டது. திங்கட்கிழமை நான் கம்பெனி ஆள் இல்லை. யார் ஸ்கூட்டியில் யாரை ஏற்றிக்கொண்டு போனாலும் கம்பெனி கேட்க முடியாது. பவித்ராவை ஏற்றிக்கொண்டேன். பெட்ரோல் என்னுடையது.

"அக்கா, எல்லாம் செயலியில இருக்குதுங்களே" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். நாய் நோட்டு அவள் மடியில் இருந்தது. அது இப்போது நாலாவது நோட்டு. பழைய பக்கங்களையெல்லாம் ஒவ்வொரு முறையும் யாராவது பார்த்து எழுதிச் சேர்த்திருக்கிறோம். கொஞ்ச தூரம் போனதும் பேச்சு நின்றது. தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. வெண்ணந்தூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும்போது, "அக்கா, இந்த ஜெயமணிங்கறது..." என்று ஆரம்பித்து அவளே நிறுத்திக்கொண்டாள்.

அதே கொட்டகை, புதுத் தகரம். பாதிப் பேர் புதியவர்கள். ராசாத்தி அக்கா மோர் கொண்டுவந்தார், பவித்ரா ஒரே மூச்சில் குடித்தாள். பெரியண்ணன் வீட்டு வாசலில் பைக்குக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். மகள் சேலத்தில் நர்ஸாக இருக்கிறாள், லீவுக்கு வருகிறாள், கூட்டிவர பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறாராம். "சுகன்யா, போறப்ப ஊட்டுப் பக்கம் வந்துட்டுப் போ சாமி" என்று அங்கிருந்தே கத்தினார். பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார். "அந்த அம்மிணி பேரென்ன?"

"பவித்ராங்க" என்று அவளே சொன்னாள்.

உறுதிமொழி ஆரம்பித்தது. நான் ஸ்டாஃப் இல்லை, உறுப்பினரும் இல்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் நகர்ந்து போய்ப் புங்கமரத்தடியில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் பெயர் படிக்கிறவரின் முகம் நேராகத் தெரிகிறது. அது எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியாது.

பவித்ரா டேப்பைத் திறந்தாள். நிமிர்ந்து நின்றாள். வாய் திறந்தவள், அதை மூடிவிட்டு, டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசைகளைப் பார்த்தாள்.

"இதுல நான் படிக்கக் கூடாத பேரு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

 ராசாத்தி அக்கா திரும்பி மரத்தடியில் என்னைப் பார்த்தார். அப்புறம் இரண்டாவது வரிசையிலிருந்து பாக்கியம் அக்கா, கேட்கிற பக்கத்துக் காதில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"இல்ல சாமி. எல்லாரும் இருக்கறோம். நீ படி."